மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, காரணம் மட்டும் தெரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் 29 வருடம் தாதியாக வேலை பார்த்தவள். கடைசி 12 வருடம் உள்நோக்கிச் சோதனை அறையில், அதாவது கேமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்க்கிற, எல்லாரும் ‘ஸ்கோப்’ என்று சொல்கிற இடத்தில். இப்போது ஓய்வு. கோயில் அன்னதானக் கூடத்தில் வெங்காயம் உரிக்கும்போதும், புளோக்கின் கீழே மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும் யாராவது குரலைத் தாழ்த்தி, “மிஸ்ஸி, ஒண்ணு கேக்கலாமா?” என்று ஆரம்பிப்பார்கள். முக்கால்வாசி அது வயிற்றைப் பற்றித்தான் இருக்கும். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

“எத்தனை நாள் போனா இது சாதாரண பேதி இல்லைன்னு எடுத்துக்கணும்?”

4 வாரம். வெளியே சாப்பிட்டு வருகிற வயிற்றுப்போக்கும், வைரஸால் வருவதும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். 4 வாரம் தாண்டியும் தளர்வாகப் போய்க்கொண்டிருந்தால் அதை நாள்பட்டது என்கிறார்கள். அதன்பிறகு “என்ன சாப்பிட்டேன்?” என்ற கேள்வி மட்டும் போதாது.

எத்தனை தடவை என்பதைவிட எவ்வளவு தளர்வு என்பதுதான் முக்கியம். நாம் குடிப்பது, உமிழ்நீர், வயிற்றிலும் குடலிலும் சுரப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் திரவம் குடலுக்குள் போகிறது. சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஒரு லிட்டரோ கொஞ்சம் கூடவோ பெருங்குடலுக்கு வரும். கடைசியில் வெளியே போவது 200 மில்லிக்கும் குறைவு. இந்தப் பெரிய கணக்கில் எங்காவது சின்னதாகத் தவறினாலே நீங்கள் கழிப்பறைக்கு ஓட வேண்டியதுதான். எந்த இடத்தில் தவறியது என்று தேடுவதுதான் மீதிக் கதை முழுவதும்.

“சொல்லவே கூச்சமா இருக்கு. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?”

“வயிறு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, தண்ணீராகவா கூழாகவா, சளி உண்டா, ரத்தம் உண்டா, எண்ணெய் மிதக்கிறதா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை போட்டீர்கள். மலத்தை 7 வகையாகப் பிரித்துக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒரு படம் இருக்கிறது. “6-ஆவது வகை, காலையில் நாலு தடவை” என்றால் எந்த டாக்டருக்கும் புரியும். மொழி தடையாக இருக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினாலும் தப்பில்லை. நாங்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆட்கள் இல்லை.

இரண்டு விஷயத்தைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒன்று, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா. இன்னொன்று, அடக்க முடியாமல் துணியில் பட்டுவிடுகிறதா. இரண்டாவதைப் பலர் வெட்கப்பட்டு “வயிற்றுப்போக்கு” என்றே சொல்லிவிடுகிறார்கள். அது ஆசனவாய்த் தசை பலவீனமாக இருக்கலாம். அதற்குத் தேடலும் வேறு, சிகிச்சையும் வேறு.

“எப்ப பயப்படணும்?”

ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்புவது, காய்ச்சல், ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தது, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயோ குடல் அழற்சியோ இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் கீழே வருகிற சோதித்துப் பார்க்கிற யோசனைகளில் நேரத்தை விடாதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். தலைசுற்றி விழுவது, சிறுநீர் வராமல் போவது, நிறைய ரத்தம் போவது என்றால் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள்.

“அம்மாவுக்குப் பத்து வருஷமா அதே மாத்திரைதான். இப்ப போய் எப்படி அதால வரும்?”

வரும். இதை நான் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரருக்கு 11 மாதம் தண்ணீர் தண்ணீராகப் போனது. இரண்டு மலப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், ஸ்கோப்புக்குத் தேதியும் வாங்கியாகிவிட்டது. நீரிழிவுக்கு 9 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். பழைய மாத்திரை என்பதால் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. தினமும் காலையில் அதை எடுத்துக் கொடுத்தவள் நான், தாதி! கடைசியில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் இருந்த சின்னப் பெண் ஒருத்திதான், “அங்கிள், வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். டாக்டர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார். பத்தே நாளில் நின்றது.

மெட்ஃபார்மின் ஆரம்பித்தவுடன் வயிற்றைக் கலக்குவது எல்லாருக்கும் தெரிந்தது. பல வருடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு ஆரம்பிப்பதும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ஒல்மெசார்ட்டன் இன்னொன்று. அரிதுதான், ஆனால் கடுமையான வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் அதனால் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல் எச்சரித்தது. மாத்திரை தொடங்கி மாதங்களோ வருடங்களோ கழித்துக்கூட வரும். ஒமெப்ரசோல் போன்ற வயிற்றுப்புண் மாத்திரை, செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, கௌட்டுக்குக் கொடுக்கும் கொல்ச்சிசின், மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்து, எடை குறைக்கும் ஊசி எல்லாமே பட்டியலில் உண்டு. கடந்த 3 மாதத்தில் ஆண்டிபயாடிக் எடுத்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமிக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது, கேட்டால்தான் செய்வார்கள்.

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

“மருந்து எதுவும் சாப்பிடறதில்ல மிஸ்ஸி. வெறும் நாட்டு மருந்துதான்.”

இதைக் கேட்கும்போதெல்லாம் நான் என் நாக்கைக் கடித்துக்கொள்வேன். திரிபலா பொடி, கற்றாழைச் சாறு, ‘ஸ்லிம்மிங் டீ’, இவையும் அந்தப் பைக்குள் போக வேண்டியவைதான். அந்த டீயில் பல சமயம் இருப்பது நிலாவாரை இலை, நம் பாட்டிகள் பேதியாக வைக்கக் கொடுத்த அதே இலை. பெயர் மாறி அழகான டப்பாவில் வருகிறது, அவ்வளவுதான்.

நீரிழிவுக்காரர்களுக்கென்று விற்கிற பிஸ்கட், சர்க்கரையில்லாத மிட்டாய், சுவிங்கத்துக்குப் பதில் வாயில் போட்டுக்கொள்கிற புதினா வில்லை இவற்றின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோர்பிட்டால், மால்ட்டிட்டால், சைலிட்டால் என்று எழுதியிருந்தால், ஒரு நாளைக்கு ஏழெட்டு சாப்பிடுகிறவருக்கு வயிறு போக அது ஒன்றே போதும்.

“சின்ன வயசுலேருந்து பால் குடிச்சு வளர்ந்தவ நான். இப்ப எப்படி ஒத்துக்காம போகும்?”

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குழந்தையில் நிறைய இருக்கும், வயது ஏற ஏறக் குறையும். தென்னிந்தியர், சீனர், மலாய்க்காரர் எல்லாரிடமும் இது சாதாரணம். ஒரு கப் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. சாப்பாட்டோடு அவ்வளவைப் பலரால் தாங்க முடியும். பிரச்சினை கூட்டலில்தான் வருகிறது. காலையில் ஒரு தே, பத்து மணிக்குக் காப்பிக்கடையில் ஒரு தே தாரிக், மத்தியானம் பாயசம், சாயங்காலம் மறுபடி ஒரு தே, படுக்கும்போது மைலோ. “நான் பாலே குடிப்பதில்லை” என்று சொன்ன ஒருவரின் ஒரு நாள் கணக்கு இது.

இரண்டு வாரம் பால், கெட்டிப்பால், ஐஸ்கிரீம் மூன்றையும் நிறுத்திப் பாருங்கள். தே வேண்டுமென்றால் பால் சேர்க்காத தே ஓ. தயிர், மோரைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை, உறை ஊறும்போதே லாக்டோஸ் ஓரளவு குறைந்துவிடுகிறது. நின்றால் காரணம் கிடைத்தது. கொஞ்சம் குறைந்து முழுதாக நிற்கவில்லையென்றால், பால் ஒரு பங்காளி மட்டும்தான். வேறு குடல் நோய் இருந்தாலும் இந்த நொதி குறையும். அதனால் அங்கேயே தேடலை முடித்துவிடாதீர்கள்.

“சஷ்டி விரதத்துல நின்னுச்சு. விரதம் முடிஞ்சதும் திரும்ப வந்துருச்சு. இதுல ஏதாவது அர்த்தம் இருக்கா?”

நிறைய இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வியே இதுதான், ஏனென்றால் ஆய்வகம் செய்கிற வேலையை நீங்களே வீட்டில் பாதி செய்துவிட்டீர்கள்.

ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சையோடு உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறது அல்லவா? உடலால் உறிஞ்ச முடியாத ஒன்று குடலில் கிடந்தால் அது அப்படித்தான் தண்ணீரை இழுக்கும். பால் சர்க்கரை, சோர்பிட்டால், மெக்னீசியம் எல்லாம் இந்த வகை. உள்ளே போவதை நிறுத்தினால் இழுப்பும் நிற்கும். இரண்டாவது வகையில் குடலே தண்ணீரைச் சுரக்கிறது. சாப்பிட்டாலும் போகும், பட்டினி கிடந்தாலும் போகும், இரவு 3 மணிக்கும் போகும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்க நன்றாக இருந்து, நோன்பு திறந்த இரண்டு மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது என்று ஒரு பாய் என்னிடம் சொன்னார். அது முதல் வகைப் பக்கம் சாய்கிற அடையாளம். அவருக்குக் காரணம் நோன்புக் கஞ்சி இல்லை, கூடவே குடித்த இரண்டு கிளாஸ் ரோஸ் மில்க்.

ஆய்வகத்தில் இதையே எண்ணில் பார்ப்பார்கள். தண்ணீராகப் போகும் மலத்தில் உள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, இரட்டிப்பாக்கி, 290-லிருந்து கழிப்பார்கள். மிச்சம் 100-க்கு மேல் என்றால் முதல் வகை, 50-க்குக் கீழ் என்றால் சுரக்கிற வகை. இதற்காக யாரும் புதிதாகப் பட்டினி கிடக்க வேண்டாம், முக்கியமாக நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள். ஏற்கெனவே இருந்த விரதத்தில் நடந்ததை நினைவுபடுத்திச் சொன்னால் போதும்.

“ஊருக்குப் போயிட்டு வந்து மூணு மாசமாச்சு. அப்ப பிடிச்சது இன்னும் விடல.”

எப்போது போனீர்கள், எந்த ஊர், எவ்வளவு நாள் இருந்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இங்கே டாக்டர்கள் கேட்காமல் விட்டுவிடுவதும் உண்டு. முதலில் தேட வேண்டியது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி. வயிறு உப்புவது, அழுகிய முட்டை வாடையில் ஏப்பம், மஞ்சளாகக் கொழகொழவென்று போவது அதன் அடையாளம். இது எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது, அதனால்தான் வெவ்வேறு நாளில் 3 மாதிரி கேட்கிறார்கள். சோம்பல்பட்டு ஒன்று மட்டும் கொடுத்துவிட்டு “நார்மல்” என்று மகிழ வேண்டாம். சீதபேதி தரும் அமீபாவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு, வலது அடிவயிற்றில் வலி என்றால் குடல் காசநோயை நினைக்க வேண்டும். நுரையீரலில் ஒன்றும் இல்லாமலேயே அது குடலில் வரும்.

இன்னொன்று நம் ஊரோடு ஒட்டியது: வெப்பமண்டல ஸ்ப்ரூ. ‘ஸ்ப்ரூ’ என்ற சொல் ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்கள் வழியாக வந்தது. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் இது கொள்ளைநோய் போலவே பரவியதை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஆராய்ந்து பதிவு செய்தார்கள். வயிற்றுப்போக்கோடு நாக்குப் புண், ரத்தசோகை, எடைக் குறைவு, ஃபோலிக் அமிலமும் பி12-உம் குறைவது இதன் முகம். இப்போது மிகவும் குறைந்துவிட்டது. ஊரில் பல மாதம் தங்கித் திரும்பியவருக்கு இது இருந்தால், டெட்ராசைக்ளின் வகை மருந்தும் ஃபோலிக் அமிலமும் சில மாதம் கொடுத்துக் குணப்படுத்தலாம்.

எல்லாக் கிருமியும் போன பிறகும் வயிறு மட்டும் அடங்காமல் இருப்பதும் உண்டு. குடல் தொற்றுக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. அதைப் பற்றிக் கீழே ஐபிஎஸ் (குடல் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூச்சப்படும் கோளாறு) கேள்வியில் பாருங்கள்.

“மலப் பரிசோதனை நார்மல்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன?”

எந்த மலப் பரிசோதனை? அது ஒன்றில்லை, பல. கிருமி வளர்த்துப் பார்ப்பது ஒன்று, ஒட்டுண்ணி தேடுவது ஒன்று. குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்ப்ரொடெக்டின் வேறு, கணையத்தைப் பார்க்கும் எலாஸ்டேஸ் வேறு. கால்ப்ரொடெக்டின் 50-க்குக் கீழ் இருந்தால் குடல் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. மூட்டுவலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பொய்யாகவே ஏறும்.

50 வயதானவர்களுக்கு வருடா வருடம் செய்யச் சொல்லித் தருகிற, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் ஃபிட் பெட்டியைக் காட்டி, “இது நெகட்டிவ், அதனால் புற்றுநோய் இல்லை” என்கிறார்கள். அந்தப் பரிசோதனை எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. மாதக்கணக்கில் வயிறு போகிறவர் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் குறைந்தது இவற்றைப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்: ரத்த அணுக்கள், உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ரத்தப் புரதமான ஆல்புமின், இரும்பு, பி12, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனை, தைராய்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வயிறு போகும். “நல்லா சாப்பிடறா, மெலிஞ்சுகிட்டே போறா, அடிக்கடி பாத்ரூம்” என்று மகளைப் பற்றிக் கவலைப்பட்ட ஓர் அம்மாவுக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

“குடல் அழற்சி வெள்ளைக்காரங்க வியாதின்னாங்களே?”

இல்லை. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரரைவிட இந்தியர்களிடம் குடல் அழற்சி நோய் அதிகமாகக் காணப்படுகிறது. இளம் வயதிலேயே வரும். பெருங்குடல் புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போவது ஒரு வகை. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் பாதிக்கிற குரோன்ஸ் இன்னொரு வகை. “மூலம்” என்று நினைத்து இரண்டு வருடம் களிம்பு தடவிக்கொண்டிருந்த பையனை ஸ்கோப் மேசையில் பார்த்திருக்கிறேன்.

நமக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம். குரோன்ஸும் குடல் காசநோயும் ஸ்கோப்பில் ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும். குரோன்ஸுக்குக் கொடுக்கும் ஸ்டெராய்டு காசநோயையும் அமீபாவையும் கட்டவிழ்த்துவிடும். அதனால் ஸ்டெராய்டு தொடங்கும் முன் “காசநோய், அமீபா இரண்டும் இல்லை என்று பார்த்தாகிவிட்டதா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

“ஸ்கோப் பண்ணியாச்சு. குடல் சுத்தமா இருக்காம். ஆனா நிக்கல.”

ஸ்கோப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பியதாக இருக்கிறதா? நுண்ணிய குடல் அழற்சி என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குக் குடல் பளபளவென்று இருக்கும், நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். 60 தாண்டிய பெண்களிடம் அதிகம். ரத்தமில்லாமல் தண்ணீராகப் போகும், இரவிலும் போகும். பெருங்குடலின் பல இடங்களிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்திருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். சதை எடுக்காத ஸ்கோப் இந்த ஒரு கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டால் புடெசொனைடு மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். முன்பு சொன்ன மாத்திரைப் பையில் மூட்டுவலி மாத்திரை, ஒமெப்ரசோல், செர்ட்ரலின் இருந்தால் அவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

அறிக்கையில் இன்னொரு வரி பாருங்கள்: சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போனார்களா என்று. குரோன்ஸும் காசநோயும் உட்காரப் பிடித்த இடம் அது.

ஸ்கோப்புக்கு முந்திய இரண்டு மூன்று நாள் கீரை, பருப்பு, தக்காளி விதை, முருங்கைக்காய் எல்லாம் வேண்டாம் என்பது எதற்கென்று கேட்பவர்களுக்கு: ஒரு கடுகு கேமராவின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் எங்களுக்கு ஐந்து நிமிடம் போய்விடும். வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம், மீன் போதும்.

“பித்தப்பையை எடுத்ததுலேருந்துதான் இந்தத் தொல்லை.”

அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசியில் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போகிறது. அளவு மீறிப் பெருங்குடலுக்குள் வந்தால் அது குடலைத் தூண்டித் தண்ணீர் சுரக்க வைக்கும். காலையில் எழுந்ததும் அடுத்தடுத்து ஓட்டம், மஞ்சள் நிறம், ஆசனவாயில் எரிச்சல். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும் வரும். எந்த அறுவையும் செய்யாதவர்களுக்கும் வரும், ஐபிஎஸ் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இதுதான்.

இதற்கான நேரடிப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அதனால் பல டாக்டர்கள் கொலஸ்டிரமைன் பொடியைக் கொடுத்துப் பார்ப்பார்கள், நின்றால் அதுவே விடை. ஆனால் அந்தப் பொடி மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும்.

“சப்பாத்தியை நிறுத்தினேன், சரியாயிடுச்சு. அப்ப எனக்கு சீலியாக்தானே?”

அவசரப்பட்டுவிட்டீர்கள். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாக வரும். நிறுத்திவிட்டுப் போனால் இருந்தாலும் தெரியாது. பஞ்சாப் போன்ற வட இந்தியப் பகுதிகளில் இது அதிகம், தென்னிந்தியரிடம் அரிது. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

கோதுமையை நிறுத்தி நிம்மதி கிடைத்த பலருக்குக் காரணம் குளூட்டன் இல்லை, கோதுமையில் உள்ள ஃப்ரக்டன் என்ற மாவுப்பொருள். ஊறுகாய் ஜாடி உதாரணம் இங்கேயும் பொருந்தும். அதே ஃப்ரக்டன் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய இருக்கிறது. சப்பாத்தியை விட்டுவிட்டு வெங்காயச் சாம்பாரை மூன்று வேளை ஊற்றிக்கொள்கிறவர் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. உண்மையிலேயே சீலியாக் என்றால் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

“தண்ணி ஊத்தினாலும் போகாம எண்ணெய் மாதிரி ஒட்டிக்குது.”

கொழுப்பு செரிக்காமல் போகிறது என்று பொருள். கணையம் போதுமான நொதி சுரக்காதபோது இப்படி ஆகும், பல வருடம் குடித்தவர்களுக்கும் கணைய அழற்சி வந்தவர்களுக்கும் முக்கியமாக. எலாஸ்டேஸ் 200-க்குக் கீழ் வந்தால் சந்தேகம். ஆனால் மலம் தண்ணீராக இருந்தால் எண் பொய்யாகக் குறையும். மருந்து நொதிக் குளிகைதான், சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். அது பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. முஸ்லிம்களும் சைவக்காரர்களும் இதைத் தெரிந்துகொண்டு, டாக்டரிடமும் தங்கள் சமயப் பெரியவர்களிடமும் பேசி முடிவெடுப்பது நல்லது. பிறகு தெரிந்து மனம் உடைந்து மருந்தைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“ஐபிஎஸ்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்படின்னா ‘உனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுல’ன்னுதானே அர்த்தம்?”

அப்படி இல்லை. குடல் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூச்சப்படுவது உண்மையான கோளாறு. ஆனால் அதற்கும் விதி உண்டு. ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், கடந்த 3 மாதத்தில் வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும், அந்த வலி மலம் போவதோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். வலியே இல்லாமல் தண்ணீராகப் போகிறவருக்கு ஐபிஎஸ் என்றால், நான் அடுத்த கேள்வி கேட்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பேன். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவருக்கு இரவில் போனால், நரம்புப் பாதிப்பு காரணமாக இருக்கலாம்.

“ஒரு சொட்டு ரத்தத்துல 200 உணவுக்குப் பார்க்கிறாங்களாம். பண்ணலாமா?”

வேண்டாம். அது பார்க்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள், நீங்கள் ஓர் உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். காசு கொடுத்து, கடைசியில் இட்லியும் சாப்பிடக் கூடாதென்ற பட்டியலோடு வருவீர்கள்.

“தாத்தாவுக்கு எப்பவும் மலச்சிக்கல். இப்ப திடீர்னு டயாப்பர்ல தண்ணியா வருது. பேதியை நிறுத்துற மாத்திரை கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். கெட்டிப்பட்ட மலம் உள்ளே அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீர் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். டாக்டரோ தாதியோ விரலால் சோதித்தாலே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறுத்துகிற மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். வீட்டுப் பணிப்பெண்ணிடமும் இதைச் சொல்லி வையுங்கள், நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பது அவர்தான்.

“காரணம் தெரியற வரைக்கும் லோப்பரமைடும் சார்க்கோலும் போட்டுக்கலாமா?”

காய்ச்சலும் ரத்தமும் இல்லையென்றால், பஸ்ஸில் போக வேண்டிய நாளுக்கு, குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லோப்பரமைடு போடுவதில் தவறில்லை. தினமும் போட்டு மாதக்கணக்கில் மூடி மறைப்பது வேறு. சார்க்கோல் என்ற கரி மாத்திரையை இங்கே வயிற்று வலிக்கு மிட்டாய் போலக் கொடுக்கிறோம். அது மற்ற மாத்திரைகளை உறிஞ்சிவிடும், மலத்தையும் கறுப்பாக்கும். கறுப்பாகப் போவது வயிற்றுக்குள் ரத்தக்கசிவின் அடையாளமும் என்பதால், சார்க்கோல் போட்டதைச் சொல்லாமல் விட்டால் டாக்டரைத் திசைதிருப்பிவிடுவீர்கள்.

“பலதுறை மருந்தகமா, நேரா தனியார் ஸ்பெஷலிஸ்டா?”

அவசர அடையாளம் இல்லையென்றால் பலதுறை மருந்தகம், அதாவது அரசாங்கப் பாலிகிளினிக். மேலே சொன்ன ரத்த, மலப் பரிசோதனைகளில் பலவற்றை அங்கிருந்தே தொடங்கலாம், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கிருந்து போகும் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையில் உதவித்தொகைக் கட்டணம் கிடைக்கும். நேராகத் தனியாரிடம் போனால் காத்திருப்பு குறைவு, காசு கூட. பகல்நேர சிகிச்சையாகச் செய்யும் ஸ்கோப்புக்கு, மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து ஒரு வரம்பு வரை எடுக்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் முதலில் முதலாளி எடுத்த காப்புறுதியில் எது அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் புது டாக்டர் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க எல்லா அறிக்கையையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

“எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணுமே கிடைக்கலன்னா?”

முதலில் ‘எல்லாம்’ என்பதைச் சரிபாருங்கள். மாத்திரைப் பை கொட்டப்பட்டதா, மூன்று மாதிரியும் கொடுத்தீர்களா, ஸ்கோப்பில் சதை எடுத்தார்களா, பித்த அமிலப் பொடி முயன்றார்களா. நான் பார்த்த பல “ஒன்றுமில்லை”களில் இந்த நான்கில் ஒன்று விட்டுப் போயிருந்தது.

நான்கும் முடிந்தும் கிடைக்காதவர்கள் உண்டு. 1983-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிரெய்னர்ட் என்ற ஊரில் 122 பேருக்கு ஒரே சமயத்தில் கடும் வயிற்றுப்போக்கு பிடித்தது. காய்ச்சாத பாலோடு தொடர்பு தெரிந்தது. ஆனால் எந்தக் கிருமி என்று தேடியும் பிடிபடவில்லை, இன்றுவரை தெரியாது. பலருக்கு அது ஒரு வருடத்துக்கு மேல் நீடித்து, பிறகு தானாகவே நின்றுபோனது. தனி ஆட்களுக்கும் இப்படி வருவதுண்டு: ஆரம்பித்த தேதியைக்கூடச் சொல்லும் அளவுக்குத் திடீரென்று தொடங்கும், முதல் சில மாதத்தில் கொஞ்சம் எடை குறைந்து அதோடு நிற்கும், ஒன்றிரண்டு வருடத்தில் ஓயும். அந்தக் காலம் முழுக்க உப்பும் சர்க்கரையும் கலந்த திரவம், டாக்டர் சொன்ன அளவில் லோப்பரமைடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையும் ரத்தமும் பார்ப்பது. எடை மறுபடி இறங்க ஆரம்பித்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் அந்தக் கோப்போடு போய் உட்காருங்கள்.